முன்பல்லுக்கு ஓர் ஒட்டு

முன்பல்லின் நுனி உடைந்தவர் சிரிக்கும்போது கையால் வாயை மறைத்துக்கொள்வார். நேர்முகப் பரீட்சையிலும் கலியாணப் பேச்சிலும் அவருக்குச் சொற்கள் குறைந்துவிடும். நோவில்லாத குறைதானே என்று பிறர் எண்ணினும், அதனைச் சுமப்பவருக்கு அது சிறிதன்று. பல்லைப் பிடுங்காமலும் பெரிதும் அராவாமலும் இக்குறையை நீக்குவதே பல் ஒட்டுச் சிகிச்சையாகும்.

பல்லின் மேற்புறத்தை மூடியிருப்பது மிளிரி. உடற்பொருள்கள் யாவற்றினும் வன்மை மிக்கது அதுவே. எனினும், முறிந்த எலும்பு கூடும். உடைந்த மிளிரி வளராது. அதனை ஆக்கிய உயிர்க்கலங்கள் பல் முளைக்கும்போதே மறைந்துவிடுகின்றன. வழுவழுப்பான அம்மிளிரியில் வேறொரு பொருளை நிலையாக ஒட்டுவது எங்ஙனம்?

தோணிக்கு நிறம் பூசுவோர் முதலிற் பலகையைத் தேய்த்துச் சொரசொரப்பாக்குவர். அப்போதுதான் பூச்சுப் பிடிக்கும். தொழிற்சாலைகளில் உலோகத்துக்கு நிறம் பூசுமுன் பொஸ்போரிக் அமிலத்தாற் பதப்படுத்தும் வழக்கம் இருந்தது. அமெரிக்கப் பல் வைத்தியரான மைக்கல் புவோனகோர் 1955 ஆம் ஆண்டில் அவ்வமிலத்தையே மிளிரியிற் பயன்படுத்திக் காட்டினார். அமிலம் பட்ட இடத்தில் நுண்துளைகள் தோன்றின. பிசின் அவற்றுட் புகுந்து இறுகிப் பற்றிக்கொண்டது. சிலிக்காத் துகள் சேர்ந்த உறுதியான பிசினுக்கு 1962 இல் றபேல் போவன் என்பார் காப்புரிமை பெற்றார்.

இன்று பல் வைத்தியர் பல்லின் நிறத்துக்கு இயைந்த பிசினைத் தெரிந்தெடுக்கிறார். பல்லைத் துப்புரவாக்கி, அரை நிமிடமளவு அமிலம் இட்டுக் கழுவி உலர்த்தி, ஒட்டுத் திரவம் பூசுகிறார். பின்னர் களிபோன்ற பிசினைப் படைபடையாக வைத்து உருவமைக்கிறார். நீல ஒளி பட்டதும் ஒவ்வொரு படையும் சில விநாடிகளில் இறுகும். இறுதியில் மினுக்கிவிட்டால் ஒட்டு எது, பல் எதுவெனக் காண்பது அரிது. பல்லிடை வெளிக்கும், புளோரைட்டு மிகுந்த கிணற்று நீரால் வட மத்திய மாகாணத்தவர் பலருக்கு ஏற்படும் பழுப்புக் கறைக்கும் இம்முறை உதவும்.

ஆயினும் ஒட்டு ஒட்டேயாம். பொதுவாக 5 முதல் 10 ஆண்டுகள் வரை நிற்கும். தேநீரும் வெற்றிலையும் அதிற் கறையேற்றும். பாக்கும் எலும்பும் கடித்தால் உடையும். சொத்தையும் முரசு நோயும் இருப்பின் அவற்றையே முதலிற் குணமாக்க வேண்டும். பாக்கு புற்றுநோயை விளைப்பதென உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு முகவரகம் 2004 இல் அறிவித்துள்ளது. ஆதலின் வெற்றிலை போடுவோர், வாயில் வெள்ளைத் திட்டோ ஆறாத புண்ணோ இருந்தால், பல்லின் அழகைப் பேசுமுன் அதனை வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும்.

தீவகத்தாருக்கு இன்னுமொரு கவனம் உண்டு. குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குக் கடல்வழி ஏறத்தாழ ஒரு மணி நேரம். காற்று வலுத்தால் படகும் ஓடாது. ஆகவே ஒட்டு உடைந்தால் எங்கே, எவ்வளவு செலவிற் திருத்தலாம், எப்போது மீண்டும் வரவேண்டும் என்பவற்றை முதல் நாளிலேயே கேட்டறிதல் நன்று. பிள்ளை விழுந்து பல்லின் நுனி உடைந்தால், உடைந்த துண்டைத் தேடி எடுத்துப் பாலிலோ நீரிலோ இட்டு, தாமதியாது வைத்தியரிடம் கொண்டுசெல்லுங்கள். பல வேளைகளில் அத்துண்டையே மீண்டும் ஒட்டிவிடலாம்.