வேலையை விட்டு அனுப்பவும் 3.36 கோடி! கால்பந்து கோச் 'காண்டிராக்ட்' கணக்கு தெரியுமா?

மூலக்கொத்தளத்திலிருந்து ராயபுரம், திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை யாரிடமும் 'காண்டிராக்ட்' என்று சொல்லிப் பாருங்கள். "நாளைக்கு வர வேணாம்னு சொன்னா கிளம்ப வேண்டியதுதான்" என்பதுதான் அதற்கு அர்த்தம். துறைமுகமோ தொழிற்சாலையோ, பெர்மனன்ட் என்றால் நிம்மதி, காண்டிராக்ட் என்றால் பயம்.

ஆனால், இதே பகுதிப் பிள்ளைகள் உயிராய் நேசிக்கும் கால்பந்தில் இந்த வார்த்தைக்கு நேர் எதிர் அர்த்தம். அங்கே காண்டிராக்ட் இருப்பவரை வேலையை விட்டு அனுப்பினால், அனுப்புகிறவர்தான் பணம் எடுத்து வைக்க வேண்டும். அதுவும் கோடிகளில். நம் இந்திய அணிக்கே அது நடந்தது.

ஸ்டிமாச் கதை

குரோஷியாவைச் சேர்ந்த இகோர் ஸ்டிமாச் 2019 மே மாதம் இந்திய அணியின் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். 2023-ம் ஆண்டு அவருக்குப் பொற்காலம். இன்டர்கான்டினென்டல் கோப்பை, தெற்காசிய நாடுகளுக்கான 'சாஃப்' கோப்பை எனப் பட்டங்கள் வந்தன. அந்த உற்சாகத்தில் 2023 அக்டோபரில், அகில இந்திய கால்பந்து கூட்டமைப்பு அவருடைய ஒப்பந்தத்தை 2026 ஜூன் வரை நீட்டித்தது.

அதன் பிறகுதான் சறுக்கல். 2024 ஜனவரியில் கத்தாரில் நடந்த ஆசியக் கோப்பையில் ஆஸ்திரேலியா, உஸ்பெகிஸ்தான், சிரியா என மூன்று அணிகளிடமும் தோல்வி. ஒரு கோல்கூட அடிக்கவில்லை. மார்ச்சில் குவாஹாட்டியில் ஆப்கானிஸ்தானிடம் 1-2. ஜூன் 6 அன்று கொல்கத்தாவில் குவைத்துடன் 0-0. அது சுனில் சேத்ரியின் விடைபெறும் ஆட்டம். ஜூன் 11 அன்று கத்தாரிடம் 1-2 எனத் தோற்று, உலகக் கோப்பை தகுதிச் சுற்றிலிருந்து இந்தியா வெளியேறியது. கத்தார் அடித்த முதல் கோலுக்கு முன்பே பந்து கோட்டைத் தாண்டி வெளியே போயிருந்தது என்று பெரிய சர்ச்சை எழுந்தாலும் முடிவு மாறவில்லை.

ஜூன் 17 அன்று ஸ்டிமாச் நீக்கப்பட்டார். ஒப்பந்தத்தில் அப்போது இன்னும் இரண்டு வருடம் பாக்கி.

9,20,000 டாலர் எப்படி வந்தது?

கூட்டமைப்பு தருவதாகச் சொன்னது மூன்று மாதச் சம்பளம். ஸ்டிமாச் ஒப்புக்கொள்ளவில்லை. 'நியாயமான காரணம் இல்லாமல் நீக்கிவிட்டார்கள், ஃபிஃபாவிடம் போவேன்' என்றார். அவர் கேட்ட தொகை 9,20,000 டாலர்.

வெளியான செய்திகளின்படி, 2025 ஜனவரி வரை அவருக்கு மாதம் 30,000 டாலர், அதன் பிறகு 40,000 டாலர். நீங்களே போட்டுப் பாருங்கள். 2024 ஜூன் முதல் 2025 ஜனவரி வரை 8 மாதத்துக்கு 2,40,000. அடுத்து 2026 ஜூன் வரை 17 மாதத்துக்கு 6,80,000. மொத்தம் 9,20,000. ஒப்பந்தத்தில் மிச்சமிருந்த ஒவ்வொரு மாதமும் கணக்கில் வந்துவிட்டது.

கடைசியில் 2024 செப்டம்பரில் 4,00,000 டாலருக்கு, அதாவது சுமார் 3.36 கோடி ரூபாய்க்கு இரு தரப்பும் சமரசமாகப் போயின. கூட்டமைப்புக்குச் சாதகமான விலகல் விதிகளை ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொல்லியும் சேர்க்கவில்லை என்று கூட்டமைப்பு தரப்பே பிறகு விளக்கம் சொன்னது. ஆனால் கையெழுத்துப் போட்ட பிறகு விளக்கத்துக்கு என்ன மதிப்பு?

ஃபிஃபா விதி சொல்வது என்ன?

பயிற்சியாளர் ஒப்பந்தங்களுக்கென்று தனி விதிகளை ஃபிஃபா 2021 ஜனவரி முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. நியாயமான காரணம் இல்லாமல் நடுவில் முறித்தால், மீதிக் காலத்துக்கான சம்பளம்தான் இழப்பீட்டுக்கு அடிப்படை. அந்தக் காலத்துக்குள் அவர் வேறு அணியில் சேர்ந்தால், அங்கே கிடைக்கும் சம்பளம் கழிக்கப்படும். எவ்வளவு இழப்பீடு என்று ஒப்பந்தத்திலேயே முன்கூட்டி எழுதிக்கொண்டால், பொதுவாக அந்தத் தொகைதான் செல்லும். பெரும்பாலும், ஆட்டத்தில் தோற்பது மட்டும் 'நியாயமான காரணம்' ஆகிவிடாது.

நம் ஊர் ஃபேக்டரி சட்டத்தோடு இதை ஒப்பிட்டால் வித்தியாசம் புரியும். ஓராண்டு தொடர்ந்து வேலை பார்த்த தொழிலாளியை ஆட்குறைப்பு செய்தால், வேலை பார்த்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சம்பளம் இழப்பீடு. அதாவது, தொழிலாளிக்கு முடிந்துபோன காலத்தை எண்ணுகிறார்கள். கால்பந்து கோச்சுக்கு இனி வரவேண்டிய காலத்தை எண்ணுகிறார்கள். அதனால்தான் ஒப்பந்தத்தை நீட்டித்த சூட்டோடு நீக்கினால் செலவு எகிறுகிறது.

பெரிய கிளப்புகளும் தப்பவில்லை

இங்கிலாந்தின் மான்செஸ்டர் யுனைடெட் 2024 ஜூலையில் எரிக் டென் ஹாக் ஒப்பந்தத்தை 2026 வரை நீட்டித்தது. நான்கே மாதத்தில், அக்டோபர் 28 அன்று அவரை நீக்கியது. அவருக்கும் உதவிப் பயிற்சியாளர்களுக்கும் சேர்த்து 1.04 கோடி பவுண்டு செலவு. நம் பணத்தில் சுமார் 110 கோடி ரூபாய். அடுத்த கோச் ரூபன் அமோரிமை அவருடைய பழைய கிளப்பிலிருந்து விடுவிக்கத் தனிப் பணம்.

செல்சியின் கதை இன்னும் மோசம். லீக் பட்டத்தையும் எஃப்.ஏ. கோப்பையையும் வென்று கொடுத்த அன்டோனியோ கான்டேவை 2018-ல் நீக்கியதில், உதவியாளர்கள், வழக்குச் செலவு உட்பட 2.66 கோடி பவுண்டு போனது.

பாடம் கற்றார்களா?

ஸ்டிமாச்சுக்குப் பிறகு வந்த ஸ்பெயின்காரர் மனோலோ மார்க்கேஸ், 8 ஆட்டங்களில் ஒன்றில்தான் வெற்றி கண்டார். 2025 ஜூலையில் இரு தரப்பும் பேசிப் பிரிந்தன. இழப்பீடு எதுவும் இல்லை என்று கூட்டமைப்பு சொன்னது. அடுத்து வந்தவர் காலித் ஜமீல். 13 வருடங்களுக்குப் பிறகு இந்திய அணிக்கு ஓர் இந்தியப் பயிற்சியாளர். ஒப்பந்தம் 2 வருடம், தேவைப்பட்டால் இன்னும் ஒரு வருடம் நீட்டிக்கலாம். முதலிலேயே நீளமாகக் கொடுக்காமல், வேலையைப் பார்த்து நீட்டிப்பது புத்திசாலித்தனம்.

அதற்காக, கோச்சுக்கு இழப்பீடே தரக் கூடாது என்று சொல்லிவிட முடியாது. சொந்த நாட்டை விட்டு வந்து வேலை பார்ப்பவருக்கு, நான்கு தோல்விக்காக மறுநாளே மூட்டை கட்டச் சொன்னால் அது அநியாயம்தான். எழுதிக் கொடுத்த வாக்கு வாக்குதான். கேள்வி எல்லாம் எழுதியவர்களை நோக்கித்தான். ஜெயிக்கும் மயக்கத்தில் நீட்டித்துவிட்டு, தோற்ற கோபத்தில் நீக்கினால், நடுவில் இருக்கும் பணம் யாருடையது?

வியாசர்பாடி கணக்கு

மூலக்கொத்தளத்துக்குப் பக்கத்தில்தான் 'குட்டி பிரேசில்' என்று பெயர் வாங்கிய வியாசர்பாடி. 2018-ல் ஐ.எஸ்.எல். கோப்பையை வென்ற சென்னையின் எஃப்.சி. அணியில் ஆடிய தனபால் கணேஷ் அந்த மண்ணிலிருந்து வந்தவர். அரையிறுதியில் கோவாவுக்கு எதிராக ஒரு கோலும் அடித்தவர். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு முதன்முதலில் பந்தை நிறுத்தக் கற்றுக்கொடுப்பது ஏரியா அண்ணன்கள்தான். பகலில் ஒரு வேலை, காலையிலும் மாலையிலும் மைதானம் என்று ஓடும் இவர்களில் பலருக்குச் சம்பளமே கிடையாது, அப்புறம் ஒப்பந்தம் எங்கே?

மைதான கோச் ஒருவருக்கு மாதம் 20,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 3.36 கோடி ரூபாயில் 140 பேருக்கு ஒரு வருடச் சம்பளம் கொடுத்திருக்கலாம். அடுத்த முறை இந்திய அணிக்கு ஒரு புது கோச்சை அறிவிக்கும்போது, அவர் எத்தனை கோப்பை ஜெயித்தவர் என்று மட்டும் பார்க்காதீர்கள். எத்தனை வருட ஒப்பந்தம், நடுவில் பிரிந்தால் யாருக்கு எவ்வளவு என்பதையும் கேளுங்கள். கோச்சை நீக்கும் செலவு, நீக்கும் நாளில் முடிவாவதில்லை. மாலை போட்டு வரவேற்று, கையெழுத்துப் போடும் நாளிலேயே முடிவாகிவிடுகிறது.