வெறும் வயிற்றில் நெய்

கர்க்கடகம் பிறந்துவிட்டால் கேரளத்து ஆயுர்வேத மருத்துவமனைகளில் கூட்டம் கூடும். நம் ஆடியை ஒட்டி வரும் மழை மாதம் அது. மழைக்காலத்தில் செரிமானம் மந்தப்படும், உடம்பைச் சுத்திகரிக்க இதுவே நேரம் என்பார்கள் அங்குள்ள வைத்தியர்கள். கோட்டக்கல்லில் பி.எஸ். வாரியர் 1902-ல் தொடங்கிய ஆர்ய வைத்திய சாலைக்கு வெளிநாட்டிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள்.

இந்தச் சுத்திகரிப்பின் பெயரான பஞ்சகர்மா என்றதும் பலருக்கு நினைவு வருவது விளம்பரப் படம்தான்: மரக்கட்டிலில் ஒருவர் படுத்திருக்க, நெற்றியில் எண்ணெய் தாரையாக விழும். ஆனால் பழைய ஆயுர்வேத நூலாசிரியர் சரகர் சொன்ன ஐந்து சிகிச்சைகளில் அது இல்லை. வாந்தி, பேதி, ஆசனவாய் வழியே கஷாயமும் எண்ணெயும் செலுத்தும் இருவகை வஸ்தி, மூக்கில் மருந்து விடும் நசியம் என்பவையே அந்த ஐந்து. இன்னொரு பழைய நூலாசிரியரான சுஸ்ருதர் ரத்தம் வெளியேற்றுவதையும் சேர்க்கிறார். எண்ணெய் தேய்ப்பதும் வியர்க்க வைப்பதும் முன்வேலைகள் மட்டுமே.

முன்வேலையில் கடினமானது நெய் குடிப்பது. மருந்துச் சரக்குகள் சேர்த்துக் காய்ச்சிய, கசக்கும் நெய்யை விடிந்ததும் வெறும் வயிற்றில் குடிக்க வேண்டும். பெரும்பாலும் 30 மில்லி அளவில் தொடங்குவார்கள். நாளுக்கு நாள் அளவு ஏறும். குமட்டினால் வெந்நீரை மடக்கு மடக்காகக் குடிக்கலாம். நன்றாகப் பசிக்கும்வரை சாப்பாடு கிடையாது, பகல் தூக்கமும் கூடாது. 3 முதல் 7 நாளில் தோல் மினுமினுக்கும், மலத்தில் நெய்ப்பசை தெரியும். அதைக் கேட்டறிந்த பிறகே வைத்தியர் நிறுத்தச் சொல்வார். உடலெங்கும் ஒட்டியிருக்கும் தோஷத்தை நெய் இளக்கி வயிற்றுக்குக் கொண்டுவருகிறது என்பது ஆயுர்வேதக் கொள்கை.

அடுத்து எண்ணெய் தேய்ப்பு, ஆவிக்குளியல். பிறகு ஒருநாள் பேதி மருந்து; அவிபத்தி சூரணமோ விளக்கெண்ணெயோ கொடுப்பார்கள்.

இதனால் உடம்பின் நச்சுகள் வெளியேறுவதாக நவீன மருத்துவம் ஒப்பவில்லை. அந்த வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் செய்கின்றன என்கிறது. மறுபக்கம், திருச்சூர் மாவட்டம் செறுதுருத்தியில் பஞ்சகர்மாவுக்கென்றே மத்திய அரசின் ஆராய்ச்சி நிலையம் ஒன்று இயங்குகிறது. விவாதம் ஒருபக்கம் இருக்கட்டும், ஆபத்து உண்மையானது. பேதி மிஞ்சினால் உடலில் நீரும் உப்பும் வற்றிப்போகும். கர்ப்பிணிகளுக்கும் இதய, சிறுநீரக நோயாளிகளுக்கும் தளர்ந்த முதியவர்களுக்கும் இது விளையாட்டல்ல. நெய் குடிக்கவே குறைந்தது 3 நாள் வேண்டும் என்னும்போது, மூன்றே நாளில் முழு பஞ்சகர்மா என்று விற்கும் விடுதிகளை எப்படி நம்புவது?

பேதிக்குப் பிறகும் வேலை முடியவில்லை. முதலில் நீர்த்த கஞ்சி, அடுத்து குழைந்த கஞ்சி, பிறகு பாசிப்பயற்று நீர் என்று பசியைப் பார்த்துப் படிப்படியாகத்தான் வழக்கமான சோற்றுக்குத் திரும்ப முடியும். சுத்தி எந்த அளவு நடந்தது என்பதைப் பொறுத்து இதற்கு 3 முதல் 7 நாள் பிடிக்கும். வெயில், அலைச்சல், கண்விழிப்பு எதுவும் கூடாது. அலுவலகத்தில் விடுப்புக்கு எழுதும்போது இந்த நாட்களையும் சேர்த்தே எழுத வேண்டும்.