நாட்டுக்கிளி தோப்பில் இருக்கட்டும். வீட்டுக்கு ஏற்றவை லவ் பேர்ட்ஸ்

தை, மாசி மாதங்களில் பட்டுப்போன பனை, தென்னை மரங்களின் பொந்துகளில் பச்சைக்கிளிகள் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கின்றன. இப்பருவத்தில் சிறுவர்கள் மரமேறி, இறகு முளைக்காத குஞ்சுகளை எடுத்து வருவதும், அவற்றைச் சிறு கம்பிக் கூண்டில் அடைத்துச் சோறும் மிளகாய்ப் பழமும் கொடுத்து வளர்ப்பதும் கிராமங்களில் நெடுநாளாக நடந்து வருகிறது. பறவை வளர்க்க வேண்டும் என்னும் குழந்தைகளின் ஆசை இயல்பானதே. ஆனால் அதற்கு நாட்டுக்கிளி ஏற்றதல்ல. சட்டமும் அதற்கு இடந்தரவில்லை. கூண்டில் வளர்க்கத் தகுந்த வேறு சிறு கிளிகள் இருக்கின்றன. அவற்றை முறையாக வளர்க்கத் தெரிந்துகொள்வது நல்லது.

சட்டம் கூறுவது

செந்தார்ப் பைங்கிளி எனப்படும் சாதாரணப் பச்சைக்கிளி, பெரிய பச்சைக்கிளி, செந்தலைக்கிளி முதலிய நம் நாட்டுக் கிளிகள் யாவும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. இச்சட்டம் 2022-இல் திருத்தப்பட்டு, 1-4-2023 முதல் நடைமுறையில் உள்ளது. திருத்தத்திற்குப்பின் பச்சைக்கிளி இரண்டாம் அட்டவணையில் வைக்கப்பட்டுள்ளது. இக்கிளிகளைப் பிடிப்பதும், விற்பதும், வாங்குவதும், வீட்டில் அடைத்து வைப்பதும் குற்றமாகும். சிறைத் தண்டனையும் அபராதமும் உண்டு. 'எங்கள் தோப்பில் பிடித்தது', 'சந்தையில் பணம் கொடுத்து வாங்கியது' என்பவை ஏற்கத்தக்க காரணங்கள் ஆகமாட்டா.

கிளியின் நலனையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பச்சைக்கிளி நாளொன்றுக்குப் பல கிலோமீட்டர் பறந்து இரை தேடி, மாலையில் கூட்டமாக ஒரே மரத்தில் அடையும் பறவை. இருபது ஆண்டுகளுக்கு மேலும் உயிர் வாழக்கூடியது. ஓர் அடி அகலக் கூண்டில், வெட்டிய சிறகுடன் அத்தனை ஆண்டுகள் இருக்கும் கிளி தன் இறகைத் தானே பிடுங்கிக்கொள்வதையும், நாள் முழுதும் கத்துவதையும் காணலாம்.

ஏற்கெனவே வீட்டில் கிளி இருந்தால் அதைத் தாமாகத் திறந்துவிடுதல் கூடாது. குஞ்சிலிருந்து கையால் வளர்த்த கிளிக்கு இரை தேடத் தெரியாது. காக்கையும் பூனையும் அதை எளிதில் கொன்றுவிடும். அருகிலுள்ள வனச்சரக அலுவலகத்தில் ஒப்படைப்பதே முறை.

பயிருக்கு வரும் கிளிகள்

சோளம், மக்காச்சோளம், சூரியகாந்தி, கொய்யா ஆகியவற்றைக் கிளிகள் தாக்குவதும், தின்பதைவிட அதிகமாகக் கடித்து வீணாக்குவதும் விவசாயிகள் அறிந்ததே. இதற்காக வலை வைத்துப் பிடிப்பதும் விஷம் வைப்பதும் சட்டப்படி குற்றம். பக்கத்து வயல்களும் சேர்ந்து ஒரே சமயத்தில் விதைத்தால் சேதம் பரவலாகி, ஒருவருக்கு மட்டும் பெரும் இழப்பு ஏற்படாது. கதிர் பால்பிடிக்கும் பருவம் முதல், மின்னும் நாடாவைப் பயிருக்குச் சற்று மேலே முறுக்கிக் கட்டுவதும், விடியற்காலையிலும் மாலையிலும் காவல் இருப்பதும் பயன் தரும். ஒரே முறையை நெடுநாள் கையாண்டால் கிளிகளுக்குப் பழகிவிடும். ஆகவே முறைகளை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கொய்யாக் காய்களுக்கு உறை கட்டலாம்.

வளர்க்கத் தகுந்தவை

நம் ஊர்களில் 'லவ் பேர்ட்ஸ்' என்ற பெயரில் விற்கப்படுபவை பெரும்பாலும் பட்ஜரிகர் என்னும் ஆஸ்திரேலியச் சிறு கிளிகளே. உண்மையான லவ் பேர்ட்ஸ் ஆப்பிரிக்காவைச் சேர்ந்த, வால் குட்டையான வேறு இனம். ஜான் கூல்ட் என்ற பறவையியலார் 1840-இல் பட்ஜரிகரை ஆஸ்திரேலியாவிலிருந்து இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தார். அதன்பின் பல தலைமுறைகளாகக் கூண்டிலேயே இனப்பெருக்கம் செய்யப்பட்டு வருவதால், கோழி, புறாவைப்போல இதுவும் மனிதரோடு வாழப் பழகிவிட்டது. நீளம் சுமார் 18 செ.மீ.; எடை 30 முதல் 40 கிராம்.

பட்ஜரிகர், காக்டெய்ல், செம்முக லவ் பேர்ட் ஆகிய மூன்றும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இல்லாதவை. பிஷர் லவ் பேர்ட் உள்ளிட்ட மற்ற பல வெளிநாட்டுக் கிளிகள் அப்பட்டியலில் உள்ளன. அவற்றை வைத்திருப்போர், 2024-ஆம் ஆண்டு விதிகளின்படி அரசிடம் பதிவு செய்தாக வேண்டும். எனவே புதிதாகத் தொடங்குவோருக்குப் பட்ஜரிகரே ஏற்றது.

வளர்ந்த பறவையில் அலகுக்கு மேலுள்ள தோல் மேடு நீலமாக இருந்தால் ஆண்; பழுப்பாக இருந்தால் பெண். குஞ்சுகளுக்கு நெற்றிவரை கறுப்பு வரிகள் இருக்கும். மூன்று, நான்கு மாதங்களில் இறகு உதிர்ந்து முளைக்கும்போது இவ்வரிகள் மறையும். இவை கூட்டமாக வாழும் பறவைகளாதலால் ஒன்றை மட்டும் தனியே வளர்க்காமல் இரண்டாவது வளர்க்க வேண்டும்.

கூண்டு

கிளி பக்கவாட்டில் பறக்கும் பறவை. ஆகவே கூண்டு உயரமாக இருப்பதைவிட நீளமாக இருப்பதே முக்கியம். ஒரு சோடிக்கு 60 செ.மீ. நீளம், 40 செ.மீ. அகலம், 40 செ.மீ. உயரம் குறைந்தபட்சத் தேவை. கம்பிகளின் இடைவெளி அரை அங்குலத்துக்கு மேல் இருந்தால் தலை சிக்கிக்கொள்ளும். எலியும் பாம்பும் நுழையும். துத்தநாகம் பூசிய புதுக் கம்பிவலையைக் கிளிகள் கடித்தால் நஞ்சாகும். எனவே புது வலையைக் காடியால் தேய்த்துக் கழுவி, வெயிலில் உலர்த்தியபின் பயன்படுத்த வேண்டும்.

உட்காருவதற்கு வேம்பு, கொய்யா மரக் குச்சிகள் சிறந்தவை. ஒரே கனமுள்ள குழாய்களில் எந்நேரமும் உட்கார்ந்தால் பாதம் புண்ணாகும். கிழக்குத் திண்ணையில், மழைச் சாரலும் உச்சி வெயிலும் படாத இடத்தில் கூண்டை வைக்கலாம். அடுப்பங்கரை ஏற்றதல்ல. விறகுப் புகை மட்டுமன்றி, ஒட்டாத பூச்சுள்ள வாணலி அதிகம் காய்ந்தால் எழும் ஆவியும் சில நிமிடங்களில் கிளிகளைக் கொன்றுவிடும். கொசுவர்த்திச் சுருளையும் கூண்டருகே ஏற்றக்கூடாது. கூண்டின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்தினால் எறும்பு ஏறாது.

தீவனம்

தினை, பனிவரகு, சாமை, கம்பு ஆகியவை முக்கியத் தீவனம். இவை நம் மானாவாரி நிலங்களில் விளைபவையே. ஒரு பறவைக்கு நாளொன்றுக்கு இரண்டு தேக்கரண்டிக்கு மேல் தேவைப்படாது. தானியம் மட்டுமே கொடுத்து வந்தால் வைட்டமின் 'ஏ' பற்றாக்குறை ஏற்படும். முருங்கைக்கீரை, கொத்தமல்லி, துருவிய காரட், முளைகட்டிய பாசிப்பயறு அல்லது கம்பு ஆகியவற்றில் ஒன்றை நாள்தோறும் சிறிது கொடுக்க வேண்டும். சுண்ணாம்புச் சத்துக்குக் கணவாய் ஓட்டைக் கூண்டில் கட்டித் தொங்கவிட வேண்டும். நாட்டு மருந்துக் கடைகளில் இது 'கடல்நுரை' என்ற பெயரில் கிடைக்கும்.

புதிதாக வளர்ப்போர் பலர் கவனிக்கத் தவறும் செய்தி ஒன்று உண்டு. பட்ஜரிகர் தானியத்தை உரித்துத் தின்றுவிட்டு உமியைக் கிண்ணத்திலேயே போட்டுவிடும். மேலே பார்த்தால் கிண்ணம் நிறைந்திருப்பதுபோல் தோன்றும். தீவனம் இருக்கிறது என்று எண்ணி இரண்டு நாள் விட்டுவிட்டால், இச்சிறு பறவை பட்டினியால் இறந்துபோகும். தினமும் காலையில் உமியை ஊதி நீக்கிவிட்டுப் பார்ப்பது இன்றியமையாதது.

விவசாயிகள் வீட்டில் மேலும் ஒரு எச்சரிக்கை தேவை. திரம், இமிடாகுளோபிரிட் போன்ற மருந்துகளால் விதைநேர்த்தி செய்து மீந்த கம்பு, சோளம், சூரியகாந்தி விதைகளை எக்காரணங்கொண்டும் கிளிகளுக்கோ கோழிகளுக்கோ போடுதல் கூடாது. கழுவினாலும் நஞ்சு நீங்காது. மருந்து தெளித்த வயலின் கீரையையும் தவிர்க்க வேண்டும். வெண்ணெய்ப்பழம், சாக்லெட், உப்பிட்ட பண்டங்கள், டீ, காப்பி ஆகியவையும் ஆகாதவை.

அன்றாடப் பராமரிப்பு

காலையில் தண்ணீரை மாற்றி, கிண்ணத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். கோடையில் மாலையிலும் மாற்றுவது நல்லது. கூண்டின் அடியில் விரித்த செய்தித்தாளை நாள்தோறும் எடுத்துவிட்டு வேறு விரிக்க வேண்டும். அப்போது எச்சத்தைக் கவனித்தால் நோயை முன்கூட்டியே அறியலாம். கோடை நண்பகலில் கிளிகள் வாய் திறந்து மூச்சிரைத்து, சிறகை உடலிலிருந்து விலக்கி வைத்திருந்தால் வெப்பம் தாங்கவில்லை என்று பொருள். கூண்டை நிழலுக்கு மாற்றி, அகன்ற தட்டில் ஒரு விரற்கடை தண்ணீர் வைத்தால் அவை குளித்துக்கொள்ளும். இரவில் பத்து மணி நேரத்துக்குக் குறையாத தூக்கம் தேவை. தொலைக்காட்சி ஓடும் கூடத்தில் இது கிடைக்காது. ஆகவே பொழுது சாய்ந்ததும் மெல்லிய துணியால் கூண்டின் மூன்று பக்கங்களை மூடிவிட வேண்டும்.

குஞ்சு பொரித்தல்

பத்து மாதம் நிரம்பாத பறவைகளைச் சோடி சேர்க்கக் கூடாது. மிக இளம் பெட்டைகளுக்கும், சுண்ணாம்புச் சத்துக் குறைந்த பெட்டைகளுக்கும் முட்டை அடைத்துக்கொண்டு உயிரிழப்பு நேரும். பக்கவாட்டில் 4 செ.மீ. துளையிட்ட மண்கலயத்தைக் கூண்டின் மேற்பகுதியில் கட்டினால் போதும். ஒன்றுவிட்டு ஒரு நாளாக 4 முதல் 6 முட்டைகள் இடும். அடைகாலம் 18 நாட்கள். பெட்டை அடைகாக்கும்போது சேவல் அதற்கு இரை ஊட்டும். முட்டைகள் வெவ்வேறு நாட்களில் பொரிவதால் ஒரே கலயத்தில் பெரிய குஞ்சும் மிகச் சிறிய குஞ்சும் இருக்கும். இது இயல்பே. குஞ்சுகள் ஐந்து வார அளவில் வெளிவரும். ஆண்டுக்கு இருமுறைக்கு மேல் குஞ்சு பொரிக்க விடாமல் கலயத்தை எடுத்துவிட வேண்டும்.

நோயும் மனிதர் நலமும்

காட்டில் நோயுற்ற பறவை எதிரிகளின் கண்ணுக்கு உடனே படும். ஆதலால் கிளிகள் நோயை மறைக்கும் இயல்புடையவை. இறகைச் சிலிர்த்துக்கொண்டு பகலில் தூங்குதல், கூண்டின் தரையில் அமர்தல், மூச்சுக்கு மூச்சு வால் ஆடுதல், பின்புறம் எச்சம் ஒட்டியிருத்தல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றே கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். அலகைச் சுற்றித் தேன்கூடுபோல வெள்ளைப் பொருக்கு கண்டால் அது ஒருவகை உண்ணிப் பூச்சியால் வருவது; எளிதில் குணமாகும். மருந்தின் அளவு மிகச் சிறியதாதலால் மாட்டுக்கு வாங்கிய மருந்தைத் தாமாகக் கொடுப்பது ஆபத்து. புதிதாக வாங்கிய பறவையை 30 நாட்கள் தனிக் கூண்டில் வைத்திருந்தபின்பே மற்றவற்றோடு சேர்க்க வேண்டும்.

கிளிகளிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் கிளிக்காய்ச்சல் என்னும் நோய் ஒன்று உண்டு. உலர்ந்த எச்சத்தின் தூசியைச் சுவாசிப்பதால் இது வரும். காய்ச்சல், தலைவலி, உடல்வலி, வறட்டு இருமல் இதன் அறிகுறிகள். நல்ல மருந்து உண்டு. தாமதித்தால் நுரையீரலைப் பாதிக்கும். வீட்டில் கிளி இருப்பதை மருத்துவரிடம் சொல்லாவிட்டால் அவர் இதை நினைக்க வழியில்லை. எனவே கூண்டைப் பெருக்குமுன் தண்ணீர் தெளிக்க வேண்டும். கைகளைச் சோப்பால் கழுவ வேண்டும். கிளிக்கு வாயால் இரை ஊட்டுவதும் முத்தமிடுவதும் கூடாது.

வருமானம் கருதுவோர்

பட்ஜரிகர் விரைவில் பெருகுவதால் இதை ஒரு தொழிலாகக் கருதிக் கடன் வாங்கித் தொடங்குவோர் உண்டு. விலை ஏறி இறங்கும் தன்மையுடையது. உள்ளூரில் வாங்குவோரும் குறைவு. ஆகவே இரண்டு சோடிகளுடன் தொடங்கி, ஓராண்டு வளர்த்து, அனுபவம் பெற்றபின் பெருக்குவதே அறிவுடைமை. மீந்த பறவைகளை வெளியே பறக்கவிடுதல் கூடாது. அவை நம் நாட்டுப் பறவைகள் அல்ல. பறவைகளை வாங்கும்போது மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு பெற்ற கடையில் வாங்க வேண்டும்.

தண்ணீர் மாற்றுவதையும் உமி ஊதுவதையும் பள்ளி செல்லும் பிள்ளைகளிடம் ஒப்படைக்கலாம்; பெரியவர்கள் மேற்பார்வை பார்த்தால் போதும். பனை ஏறிக் குஞ்சு எடுக்கும் பழக்கமும் அவ்வீட்டில் தானே நின்றுவிடும்.