மேலிருந்து பார்க்கும் உரிமை

மலைக்கோட்டை உச்சிப்பிள்ளையார் கோயில் வாசலில் நின்றால் காவிரி, அதற்கப்பால் சீரங்கத்துக் கோபுரங்கள் என்று எல்லாமே கண்ணுக்குள் அடங்கிவிடும். 1752இல் இந்தக் கோட்டையில் முகமது அலியும் ஆங்கிலேயரும். எதிரே தீவுக்குள் சந்தா சாகிபும் பிரெஞ்சுப் படையும். மைசூர், தஞ்சை, மராட்டியப் படைகள் ஆங்கிலேயர் பக்கம். "பன்னாட்டுப் படை" என்பது நம்மூருக்கு ஒன்றும் புதுசில்லை.

அந்த உயரம் இப்போது விண்ணுக்குப் போய்விட்டது. உளவுப் படமெடுக்கும் செயற்கைக்கோள் சில நூறு கிலோமீட்டர் உயரத்தில், ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்துக்கொருமுறை பூமியைச் சுற்றுகிறது. இடம் காட்டும் ஜி.பி.எஸ். கோள்கள் 20,000 கிலோமீட்டருக்கும் மேலே. நான்கு கோள்களின் சமிக்ஞை வந்துசேர எடுக்கும் நேரத்தைக் கணக்கிட்டு, கையிலிருக்கும் கருவி நாம் நிற்குமிடத்தைச் சொல்லும். 1991 வளைகுடாப் போரில் அடையாளமற்ற பாலைவனத்தில் தரைப்படை வழிதவறாமல் போனது இதனால்தான். (அந்தப் போர் நடக்கவேயில்லை என்ற பொத்ரியாரின் தலைப்பை மட்டும் வைத்துக்கொண்டு பேசுகிறவர்கள் இதையும் கொஞ்சம் பார்க்கலாம்.) கூட்டணியில் முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகள், கண் மட்டும் பெரும்பாலும் ஒருவருடையது. யாருக்கு எவ்வளவு காட்டலாமென்று அமெரிக்காதான் படியளந்தது. பிரான்சின் ஸ்பாட் நிறுவனம் ஈராக்குக்குப் படம் விற்பதை நிறுத்திக்கொண்டது.

2001 ஆப்கானிஸ்தானில் இன்னும் லேசான வழி. இகோனோஸ் என்ற வணிகக் கோள் எடுத்த அந்நாட்டுப் படங்களின் முழு உரிமையையும் அமெரிக்க அரசு மாதம் சுமார் 19 லட்சம் டாலருக்கு வாங்கிவிட்டது. தணிக்கைச் சட்டமெல்லாம் எதற்கு? கடையையே குத்தகைக்கு எடுத்துவிட்டால் செய்தியாளனுக்கும் கிடைக்காது, மனித உரிமைக்காரனுக்கும் கிடைக்காது.

அப்படியென்றால் படம் வெளியே வந்தால் போதுமா? 2009இல் வன்னியில் வெளியே வந்தது. ஐ.நா.வின் யுனோசாட் பிரிவு ஏப்ரலிலேயே பாதுகாப்பு வலயத்துக்குள் விழுந்த குண்டுக்குழிகளைப் படத்தில் அடையாளம் கண்டது. போர் மே மாதம் வரை நடந்தது. 2011இல் ஐ.நா. நிபுணர் குழு அறிக்கையில் செயற்கைக்கோள் படங்கள் சான்றாயின. ராணுவக் கூட்டணியின் கையில் உத்தரவாக மாறுகிற படம், சாகிறவர்கள் பக்கம் வரும்போது கோப்பாக மாறுகிறது. பார்க்கிறவனிடம் படையும் இருந்தால்தான் பார்வை செயலாகும் என்பதை நாம் பேசியாக வேண்டும். ஆனால் அதற்காகப் படையைக் கூப்பிடுவதா என்பதில் எனக்கே தெளிவில்லை.

கொட்டப்பட்டு முகாமில் ஓர் அக்காவிடம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். "அந்தப் படத்தில எங்கட வளவு தெரியுமே, தம்பி?" என்றார். அப்போது விலைக்குக் கிடைத்த மிகக் கூர்மையான படத்தில் ஒரு புள்ளி ஏறக்குறைய அரை மீட்டர். கூடாரம் தெரியும், கூரை தெரியும். ஆள் தெரியாது. கூரை தெரியும் அக்கா என்று மட்டும் சொன்னேன்.