இருள் புனைவும் அறமும்

நுழையும்முன்

பேயும் மாயமும் நிறைந்த கதைகளை வெறும் பொழுதுபோக்கு என ஒதுக்குவோர் உண்டு. ஆனால், அச்சத்தின் வழியே அறத்தை உணர்த்துவது தொன்றுதொட்டு வரும் இலக்கிய உத்தியாகும். காலத்தாலும் இடத்தாலும் வேறுபட்ட இரு படைப்புகள் இதற்குச் சான்று.

யேலின் மறைவுக் கழகங்கள்

மாயமும் அச்சமும் கலந்த கதையை இருள் புனைவு என்பர். அதனுடன் குற்றத்தின் விடையைத் தேடும் துப்பறிதலும் இணையும்போது மர்மப் புதினம் பிறக்கிறது. 2019ஆம் ஆண்டு வெளிவந்த லீ பார்டுகோவின் 'நைன்த் ஹவுஸ்' இவ்வகையினது. அதன் களம் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம். அங்கு 1832இல் தொடங்கப்பட்ட 'ஸ்கல் அண்ட் போன்ஸ்' உள்ளிட்ட மாணவர் மறைவுக் கழகங்கள் உண்மையிலேயே இயங்குகின்றன. அவை மாயவித்தை பயில்வதாக அமைத்திருப்பது ஆசிரியரின் கற்பனை. பங்குச்சந்தையின் போக்கை முன்னறிவதற்காக, உயிருள்ள ஒருவனின் குடலைத் திறந்து குறிபார்க்கிறது ஒரு கழகம். பள்ளிப்படிப்பை முடிக்காத அலெக்ஸ் என்னும் பெண், ஆவிகளைக் காணும் ஆற்றலால் அங்கு இடம்பெற்று, இக்கழகங்களைக் கண்காணிக்கிறாள். நகரத்து எளிய பெண்ணொருத்தி கொலையுண்டபோது, அவள் மாணவி அல்லள் என்பதால் பல்கலைக்கழகத்தார் அக்கறை காட்டவில்லை. அலெக்ஸ் மட்டுமே உண்மையைத் தேடிப் புறப்படுகிறாள்.

வில்லிபுத்தூரும் இராசபாளையமும்

1509 முதல் 1529 வரை ஆண்ட விசயநகரப் பேரரசர் கிருட்டிணதேவராயர், பெரியாழ்வாரும் ஆண்டாளும் வாழ்ந்த திருவில்லிபுத்தூரைக் களமாகக் கொண்டு 'ஆமுக்தமால்யதா' என்னும் தெலுங்குக் காப்பியத்தை இயற்றினார். அதனைத் தமிழாக்கியவர் அண்டை ஊரான இராசபாளையத்தைச் சேர்ந்த அறிஞர் மு.கு. சகந்நாதராசா. இம்மொழிபெயர்ப்பு 1989ஆம் ஆண்டிற்கான சாகித்திய அகாதெமி மொழிபெயர்ப்பு விருதைப் பெற்றது.

அக்காப்பியத்தின் கிளைக்கதை ஒன்றில், ஒடுக்கப்பட்ட குலத்தில் பிறந்த மாலதாசரி, திருமால் கோயிலின் வெளியே நின்று நாள்தோறும் வைகறையில் பாடுகிறான். ஓரிரவு வழிதவறிய அவனை ஆலமரத்தில் வாழும் பிரம்மராட்சசன் பற்றிக்கொள்கிறான். பாடிவிட்டுத் திரும்பி வந்து உணவாவதாக வாக்களித்துச் சென்ற மாலதாசரி, சொன்னபடியே திரும்புகிறான். அவ்வாய்மை கண்டு பிரம்மராட்சசன் நெஞ்சம் மாறுகிறான். பாடலின் பயனைத் தனக்கு அளிக்குமாறு இரந்து, பேயுருவிலிருந்து விடுதலை பெறுகிறான். முற்பிறவியில் அவன் கற்றிருந்தும் பேராசையால் நெறிபிறழ்ந்தவன்.

இரண்டும் உணர்த்துவது

நானூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட இடைவெளியில் தோன்றிய இவ்விரு படைப்புகளுக்கும் நேரடித் தொடர்பில்லை. எனினும் இரண்டும் ஒரே வினாவை எழுப்புகின்றன: அறத்தினின்று பிரிந்த கல்வி என்னவாகும்? காப்பியத்தில் அது கற்றவனையே பேயாக்குகிறது. புதினத்திலோ கற்றவர் பேயுரு எய்தாமலே கொடியவராகின்றனர். இரண்டிலும் அறத்தைக் காப்பவர், கற்றோர் அவைக்குப் புறத்தே நிறுத்தப்பட்டவரே. மாலதாசரி வாய்மையால் ஓருயிரை மீட்கிறான்; அலெக்ஸ் இறந்தவளுக்கு நீதி தேடுகிறாள்.

முடிவும் வேறுபடுகிறது. காப்பியம் தவறியவனுக்கும் மீட்சி உண்டு என்கிறது. புதினமோ மறைக்கப்பட்ட குற்றம் வெளிப்பட வேண்டும் என்கிறது. மன்னிப்பும் நீதியும் ஆகிய இவ்விரண்டும் சமுதாயத்திற்குத் தேவை. இருள் புனைவைப் படிப்போர் பேய் எங்கே என்று தேடுவதோடு நில்லாமல், அது எதனால் பேயாயிற்று என்றும் வினவுதல் வேண்டும்.