மூசைக் கூடத்து மனிதர்கள்

ஷெஃபீல்டில் எஃகு உருக்கும் வேலை வெறுங்காலில்தான் தொடங்கியது. இங்கிலாந்தின் அந்த நகரத்து உருக்குக் கூடங்களில் ஒருவர் ஈரக் களிமண்ணைத் தரையில் பரப்பி, மணிக்கணக்காக மிதித்துக்கொண்டே இருப்பார். செருப்புக்குத் தெரியாத சிறு கல்லும் காற்றுக் குமிழும் பாதத்தில் உறுத்தும். உடனே குனிந்து எடுத்துவிடுவார். அந்த மண்ணில்தான் எஃகு உருக்கும் கலமான மூசையை வனைவார்கள். வாரக்கணக்கில் உலர்ந்த பிறகு அது உலைக்குப் போகும். மிதித்தவர் விட்டுவிட்ட ஒரு கல், 1,600 டிகிரி செல்சியஸ் சூட்டில் மூசையைப் பிளந்துவிடும். உள்ளே உருகிக் கிடக்கும் ஏறத்தாழ 25 கிலோ எஃகும் உலைக்குள் ஒழுகிப் போகும்.

மூசை எஃகைப் பற்றி எழுதும்போது உலையின் அளவையும் வெப்பநிலையையும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது வழக்கம். எனக்கு அது போதவில்லை. இந்தத் தொழிலில் நெடுங்காலம் வெப்பமானியும் கிடையாது, வேதிப் பகுப்பாய்வும் கிடையாது. இயந்திரம் செய்ய வேண்டியதையெல்லாம் ஒரு சிறு கூட்டம் தன் கண்ணாலும் காலாலும் மணிக்கட்டாலும் செய்தது. ஆகவே, அங்கே வேலை பார்த்தவர்கள் தங்கள் கூட்டாளிகளை நினைவுகூர்ந்து சொன்னவற்றை நான் தொழில்நுட்ப ஆவணமாகவே படிக்கிறேன்.

ஷெஃபீல்டின் இந்த முறையைக் கண்டவர் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் என்ற கடிகாரத் தொழிலாளி. டான்காஸ்டரில் இருந்தவர், 1740 வாக்கில் ஷெஃபீல்டுக்கு அருகே குடிபெயர்ந்தார். அன்று கிடைத்த எஃகு அவருடைய கடிகாரச் சுருள்வில்லுக்கு ஒத்துவரவில்லை. ஸ்வீடனிலிருந்து வந்த இரும்புப் பட்டைகளை மரக்கரியோடு மூடி நாள்கணக்கில் வேகவைத்துத்தான் அப்போது எஃகு செய்தார்கள். கரி வெளிப்புறத்தில் அதிகமாகவும் நடுவில் குறைவாகவும் ஏறும். பட்டையின் மேல் கொப்புளங்கள் எழும்பும். அந்தக் கொப்புள எஃகை உடைத்து, மூசையிலிட்டு முழுதாக உருக்கிவிட்டால் கரி எங்கும் ஒரே சீராகப் பரவிவிடும் என்பதுதான் ஹன்ட்ஸ்மன் பிடித்த வழி.

மூசையில் எஃகு செய்வது நம் பக்கத்துக்கு அதைவிடப் பழையது. ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில் உலைகளின் எச்சங்களும் மூசைத் துண்டுகளும் அகழாய்வில் கிடைத்திருக்கின்றன. தென்னிந்திய முறையில் இரும்போடு மரத்துண்டு, இலை போன்றவற்றையும் வைத்து மூசையை அடைத்துவிடுவார்கள். வெந்ததும் அதை அப்படியே ஆறவிட்டு உடைத்துக் கட்டியை எடுப்பார்கள். ஷெஃபீல்டில் உருகியதை அச்சில் ஊற்றினார்கள். விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடேயே 1820 வாக்கில் இந்திய எஃகை ஆராய்ந்திருக்கிறார். ஆனால் கொடுமணலில் மண் மிதித்தவர் யார், பக்கத்தில் நின்றவர் யார் என்று சொல்ல ஒரு வரிகூட இல்லை. ஷெஃபீல்டுக்கு அந்தப் பேறு கிடைத்தது.

உலைக்கூடத்துக்குள் நுழைந்தால் உலை கண்ணில் படாது. தரையில் வரிசையாகக் குழிகள், அவற்றுக்கு மூடிகள். ஒவ்வொரு குழிக்குள்ளும் கற்கரி நடுவே மூசைகள் நிற்கும். குழிகளுக்குக் கீழே ஒரு நிலவறை. அங்கே ஒரு பையன் சாம்பலை வாருவான், காற்றோட்டத்தைக் கவனிப்பான், மேலே உள்ளவர்களுக்குத் தண்ணீரும் பீரும் சுமந்து வருவான். மூசை பிளந்தால் கம்பி அடுக்கின் வழியாக ஒழுகும் எஃகு முதலில் அவன் தலைக்கு மேல்தான் தெரியும்.

மூன்று, நான்கு மணி நேரத்தில் எஃகு உருகிவிடும். உடனே எடுத்துவிட முடியாது. உள்ளிருக்கும் வாயு அடங்கும்வரை சூட்டிலேயே வைத்திருக்க வேண்டும். அவசரப்பட்டால் வார்ப்பு முழுக்கத் துளை விழும். எப்போது எடுப்பது என்பதை மூத்தவர் மூடியைத் திறந்து பார்த்துச் சொல்வார். அவர் சொன்னதும் மூசை தூக்குபவர் கையிலும் காலிலும் நனைத்த சாக்கைச் சுற்றிக்கொண்டு, குழியின் இருபுறமும் காலை ஊன்றி நின்று, நீண்ட இடுக்கியால் வெண்சூட்டில் இருக்கும் மூசையை ஒரே மூச்சில் மேலே இழுப்பார். சாக்கிலிருந்து ஆவி பறக்கும். ஊற்றுபவர் வேறொருவர்; அவரை ‘டீமர்’ என்பார்கள். இரும்பு அச்சின் ஒடுங்கிய வாய்க்குள், பக்கச் சுவரில் படாமல், அறாத ஒரே தாரையாக அவர் ஊற்ற வேண்டும். பெரிய வார்ப்பு என்றால் பல மூசைகளை ஒன்றன்பின் ஒன்றாக ஊற்ற வேண்டியிருக்கும். ஒருவர் பிந்தினால் முழு வார்ப்பும் பாழ்.

ஒரு மூசை ஒரே நாளில் மூன்று முறை உலைக்குப் போகும். உருகிய எஃகின் மேல் மிதக்கும் கசடு மூசையின் சுவரை அரித்துக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு முறையும் அளவைச் சற்றுக் குறைத்தே இரும்பிடுவார்கள். அப்போது கசடின் விளிம்பு பழைய அரிப்புக்குக் கீழே இறங்கிவிடும். உலையடியில் தலைமுறை தலைமுறையாக நின்றவர்களின் இந்த நுணுக்கத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு மேலிடுகிறது.

ஆறிய வார்ப்பின் தலையை உடைத்து, உடைந்த முகத்தின் படிகங்களைப் பார்த்தே கரியின் அளவைச் சொன்னார்கள். சவரக்கத்திக்கு ஏறத்தாழ 1.5 சதவீதம், உளிக்கு 1, அச்சுக் கருவிகளுக்கு 0.75. அடுத்தடுத்த தரங்களுக்கு இடையே அரைக்கால் சதவீதம்தான் வேறுபாடு. அதை வெறுங்கண்ணால் பிரித்தார்கள்.

இவர்களைப் பற்றி நமக்குச் சொல்லி வைத்தவர்களில் முதன்மையானவர் ஹாரி பிரியர்லி. துருவேறா எஃகை 1913இல் உருவாக்கியவர் என்றே உலகம் அவரை அறியும். நம் வீட்டு எவர்சில்வர் பாத்திரத்தின் மூதாதை அது. அவர் பிறந்தது 1871இல்; தந்தை எஃகு உருக்கும் தொழிலாளி. பிரியர்லி 12 வயதில் பள்ளியை விட்டு, தந்தை வேலை பார்த்த கூடத்தில் நிலவறைப் பையனாகச் சேர்ந்தார். பிறகு அதே ஆலையின் ஆய்வகத்தில் குடுவை கழுவும் வேலைக்குப் போய், அங்கிருந்து படித்து மேலே வந்தார். வேதியியலில் தேர்ந்த பிறகும், அவர் உருக்குக்காரர்களின் கண்ணை ஒருநாளும் குறைத்து மதிப்பிடவில்லை. 1933இல் அவர்களைப் பற்றியே ஒரு நூல் எழுதினார். 1941இல் வந்த தன்வரலாற்றிலும் அந்த மனிதர்கள் வருகிறார்கள்.

துருவேறா எஃகின் கதையிலும் ஒரு பட்டறைக் கை இருக்கிறது. 12.8 சதவீதம் குரோமியம் கலந்த அந்த எஃகை ஆய்வகம் தந்துவிட்டது. ஆனால் கத்தி செய்யக் கொடுத்தபோது, அதை அடிக்கவும் பதமேற்றவும் முடியவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். வெட்டாத கத்தியைக் கண்டுபிடித்தவர் என்று பிரியர்லியைக் கேலியும் செய்தார்கள். பிறகு கத்தி ஆலையொன்றின் மேலாளர் எர்னெஸ்ட் ஸ்டூவர்ட் அதைக் கையில் எடுத்தார். வினிகரில் தோய்த்துப் பார்த்துக் கறை படியவில்லை என்று உறுதிசெய்தவர் அவர். அவருக்கும் முதலில் சரிவரவில்லை. பிரியர்லி நேரில் வந்து, எவ்வளவு சூட்டில் பதமேற்ற வேண்டும் என்பதை உடனிருந்து பார்த்த பிறகே கத்திகள் உருப்பட்டன.

மூசை உலைகளை 1856இல் வந்த பெசமர் முறையும், அதன்பின் திறந்த உலையும் மின் உலையும் மெல்ல ஓரங்கட்டின. ஷெஃபீல்டின் தென்மேற்கில் அபிடேல் தொழிற்கூடத்தில் 1830 வாக்கில் கட்டிய மூசை உலை இரண்டாம் உலகப்போரில் மறுபடி எரிந்தது. 1970 முதல் அது அருங்காட்சியகம். குழிகளையும் நிலவறையையும் மண் மிதித்த அறையையும் அங்கே இன்றும் பார்க்கலாம்.