ஆடிக் காற்றில் டாஸ்

டிவியில் கால்பந்து பார்க்கிறவர்களுக்கு டாஸ் என்பது கேப்டன்கள் கைகுலுக்கும் சடங்கு. அந்த நேரத்தில் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம். ஆடி மாதத்தில் சேலம், நாமக்கல் பக்கத்துப் பள்ளி மைதானத்தில் அப்படிப் போனால் ஆட்டத்தின் முக்கியமான கட்டத்தைத் தவறவிடுவீர்கள்.

குறுவட்டப் போட்டிகளின் பருவம் அது. புல் முளைக்காத தரை; மேற்கிலிருந்து மண்ணை வாரி இறைக்கும் காற்று. மைதானம் கிழக்கு மேற்காக அமைந்திருந்தால் மாலை வெயிலும் அதே பக்கமிருந்து வரும். மேற்கு கோலைக் காக்கிற அணிக்குக் காற்றும் வெயிலும் முதுகுக்குப் பின்னால். எதிரணி கோல்கீப்பர் உயர்ந்து வரும் பந்தைக் கண்ணைச் சுருக்கித் தேடவேண்டும். அவர் அடிக்கும் கோல் கிக், காற்றில் தயங்கிப் பாதி மைதானத்துக்குள்ளேயே விழும்.

அப்படியானால் மேற்கைக் கேட்பதுதானே புத்திசாலித்தனம்? அவசரப்படக் கூடாது. இடைவேளைக்குப் பின் சைடு மாறும்போது சூரியன் இன்னும் இறங்கி நேராகக் கண்ணில் குத்தும். முதலில் சுகமா, பிறகு சுகமா என்று பதினாறு வயதுக் கேப்டன் அரை நிமிடத்தில் முடிவு செய்யவேண்டும்.

1997 முதல் 2019 வரை டாஸ் ஜெயித்தவருக்குச் சைடு மட்டும்தான், கிக்-ஆஃப் தோற்றவருக்கு. 2019 ஜூனிலிருந்து இரண்டில் எதையும் கேட்கலாம். கபடியில் கோர்ட்டா ரெய்டா என்று கேட்டு வளர்ந்த பையன்களுக்கு இது புதிதில்லை.

யார் ‘தலை’ சொல்வது, நாணயத்தைக் கையில் பிடிப்பதா தரையில் விடுவதா என்றெல்லாம் விதிப்புத்தகம் சொல்வதில்லை. பள்ளி ஆட்டங்களில் விசில் ஊதுகிறவர் பெரும்பாலும் வேறு பள்ளியின் பி.இ.டி. சார். நல்ல நடுவர் நாணயத்தின் இரு பக்கத்தையும் காட்டி, சுண்டுவதற்கு முன்பே கேட்டு, கேட்டதை உரக்கத் திருப்பிச் சொல்லிவிடுவார். ‘நான் பூன்னுதான் சார் சொன்னேன்’ என்ற தகராறு அங்கேயே அடங்கிவிடும். சுண்டும்போது எந்தப் பக்கம் மேலே இருக்கிறது என்று காட்டாமல் இருப்பதும் நல்லது. 2023-இல் ஐரோப்பிய ஆய்வாளர்கள் 3,50,757 முறை சுண்டிப் பார்த்ததில், மேலே இருந்த பக்கமே 50.8 சதவீதம் விழுந்தது. நாணயம் 27 மில்லிமீட்டர் அகலமுள்ள பத்து ரூபாயாக இருந்தால் தூசியில் தேட வேண்டாம். கடைக்காரர் வாங்க மறுக்கும் காசுக்கு இப்படியாவது ஒரு வேலை!

டாஸே வெற்றி தோல்வியைத் தீர்மானித்த காலமும் உண்டு. 1965-இல் ராட்டர்டாமில் லிவர்பூலும் கொலோனும் 2-2 என நிற்க, நடுவர் சுண்டிய வில்லை சேற்றில் செங்குத்தாகக் குத்தி நின்றது. மறுபடி சுண்டியதில் லிவர்பூலுக்கு அதிர்ஷ்டம். 1968 யூரோ அரையிறுதியில் இத்தாலி சோவியத் யூனியனை வென்றதும் நாணயத்தால்தான். 1970-இல் பெனால்டி முறை வந்தது.

பெனால்டிக்கும் இரண்டு டாஸ் உண்டு: எந்த கோலில் அடிப்பது, யார் முதலில் அடிப்பது. மைதான நிலைமையையோ பாதுகாப்பையோ காரணம் காட்டி, முதல் டாஸைத் தவிர்த்து நடுவரே கோலைத் தேர்ந்தெடுக்க விதி இடம் தருகிறது. ஒரு கோல் முன்னால் தரை குழி விழுந்து கிடக்கும் பள்ளி மைதானங்களில் அந்த உரிமை பயன்படும். இரண்டாவது டாஸை மட்டும் எந்த நடுவரும் தவிர்க்க முடியாது.